மிரட்டி வேலை வாங்கும் மேலாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலையிடத்துப் பிரச்சினைகளைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் சம்பளம், வேலை நேரம் எல்லாம் பேசி முடித்த பிறகு கடைசியில் பேச்சு மேலாளரிடம்தான் வந்து நிற்கும். அதிலும் மிரட்டியே வேலை வாங்கும் மேலாளரிடம். அப்படிப்பட்டவரிடம் மாட்டிக்கொண்டவர்கள், அவரை என்ன செய்வதென்று தெரியாத நிர்வாகிகள், ‘நானும் அப்படித்தான் இருக்கிறேனோ’ என்று யோசிக்கும் மேலாளர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. என் பதில்களில் பாதிக்கு மேல் ஒரே இடத்தில்தான் போய் முடியும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: பயம் இருக்கும் இடத்தில் கெட்ட செய்தி மேலே போகாது.

கண்டிப்பான மேலாளருக்கும் மிரட்டும் மேலாளருக்கும் என்ன வித்தியாசம்?

கண்டிப்பானவரிடம் வேலை செய்வதும் கஷ்டம்தான். அரைகுறை வேலையைத் திருப்பி அனுப்புவார், தேதி சொன்னால் தேதிதான். ஆனால் எதற்குத் திட்டு விழும், எதற்கு விழாது என்று நமக்குத் தெரியும். நேற்று சரி என்றது இன்றைக்கும் சரியாக இருக்கும். பேச்சும் வேலையைப் பற்றியதாக இருக்கும்: “மூணாம் பக்கத்துக் கணக்கு உதைக்குது, திருத்திக் கொண்டு வாங்க.” மிரட்டுபவர் அதே அறிக்கையை மேஜையில் விட்டெறிந்து, “உன்னையெல்லாம் யார் வேலைக்கு எடுத்தது?” என்பார். முதலாமவரின் அறையிலிருந்து வெளியே வருபவருக்கு எதைத் திருத்த வேண்டும் என்று தெரியும். இரண்டாமவரின் அறையிலிருந்து வருபவருக்குத் தன்னைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்பது மட்டும்தான் தெரியும். மூன்றாம் பக்கத்துக் கணக்கு அப்படியே இருக்கும்.

இன்னொரு அடையாளமும் உண்டு. கண்டிப்பானவரைப் பார்க்கப் போகும் முன் ஃபைலைச் சரிபார்ப்பார்கள். மிரட்டுபவரைப் பார்க்கப் போகும் முன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருப்பவரிடம் “சார் மூடு எப்படி?” என்று கேட்பார்கள். சரியில்லை என்று தலையசைப்பு வந்தால் கையெழுத்துக்குப் போனவர் அப்படியே திரும்பிவிடுவார். அந்தக் கையெழுத்துக்காகக் காத்திருக்கும் வேலை நாளைக்குத் தள்ளிப்போகும். அவர் மூடு சரியில்லாததால் ஒரு நாள் போயிற்று என்று எந்தக் கணக்கிலும் ஏறாது.

கத்துவதில்லை, கெட்ட வார்த்தை பேசுவதில்லை. அப்போதும் அது மிரட்டலா?

தாராளமாக. குரலை உயர்த்தாமலேயே ஓர் அறையை நடுங்க வைப்பவர்கள் இருக்கிறார்கள். நீங்கள் பேசும்போது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முடித்ததும் எதுவும் சொல்லாமல் அடுத்தவரைக் கூப்பிடுவார். வேண்டிய மீட்டிங்குக்கு அழைப்பு வராது. இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒற்றைக் கேள்விக்குறி வரும். அப்ரைசல் நேரம் பார்த்து, “வெளியே மார்க்கெட் ரொம்ப மோசமா இருக்கு, தெரியுமில்ல?” என்று சிரித்துக்கொண்டே கேட்பார். இதில் எதையும் புகாராக எழுதிக் கொடுத்தால் அற்பமாகத் தெரியும். இந்த வகையைச் சமாளிப்பது அதனால்தான் கஷ்டம்.

ஜப்பான் அரசு பதவி பலத்தால் நடக்கும் கொடுமையை ஆறு வகையாகப் பிரித்திருக்கிறது: உடல்ரீதியான தாக்குதல், மனதைத் தாக்குவது, ஒதுக்கி வைப்பது, முடியாத அளவுக்கு வேலையைத் திணிப்பது, தகுதிக்குக் கீழான வேலையைக் கொடுப்பது அல்லது வேலையே கொடுக்காமல் உட்கார வைப்பது, சொந்த வாழ்க்கைக்குள் மூக்கை நுழைப்பது. கத்துவது இதில் ஒரு வகைக்குள் ஒரு பகுதி, அவ்வளவுதான். உங்களுக்கு நடப்பதற்குப் பெயர் தெரியாமல் தவிக்கிறீர்கள் என்றால் இந்த ஆறையும் ஒருமுறை வரிசையாகப் பார்ப்பது உதவும்.

திட்டினால்தானே வேலை நடக்கிறது? கண்ணால் பார்க்கிறேனே?

பார்ப்பது உண்மைதான். அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தப்பு. 1960-களில் உளவியலாளர் டேனியல் கானமன் இஸ்ரேல் விமானப்படைப் பயிற்சியாளர்களுக்கு வகுப்பெடுத்தார். (2002-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர் இவர்தான்.) தண்டனையைவிடப் பாராட்டு பலன் தரும் என்று அவர் சொன்னபோது, அனுபவம் மிக்க ஒரு பயிற்சியாளர் எழுந்து மறுத்தார். நன்றாக ஓட்டியவரைப் பாராட்டினால் அடுத்த முறை மோசமாக ஓட்டுகிறார், மோசமாக ஓட்டியவரைத் திட்டினால் அடுத்த முறை நன்றாக ஓட்டுகிறார், இது என் அனுபவம் என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. ஆனால் எந்த மனிதனின் வேலையிலும் நல்ல நாள், கெட்ட நாள் என்று ஏற்ற இறக்கம் இருக்கும். மிக மோசமான ஒரு நாளுக்கு அடுத்த நாள், திட்டினாலும் திட்டாவிட்டாலும், பெரும்பாலும் கொஞ்சம் தேறித்தான் இருக்கும். மிகச் சிறப்பான நாளுக்கு அடுத்த நாள் பாராட்டினாலும் பாராட்டாவிட்டாலும் கொஞ்சம் இறங்கித்தான் இருக்கும். நாம் திட்டுவது மோசமான நாட்களில். ஆகவே திட்டுக்குப் பிறகு முன்னேற்றத்தையே பார்க்கிறோம், அது திட்டின் பலன் என்று நம்பிவிடுகிறோம். ஒவ்வொரு முறை கத்தும்போதும் அனுபவமே வந்து முதுகில் தட்டிக்கொடுக்கிறது. பல ஆண்டு அனுபவமுள்ள மேலாளர்கள் இதில் இத்தனை உறுதியாக இருப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். எண்ணிப் பார்க்கக்கூடிய வேலையை, கண்ணெதிரே, கொஞ்ச நாளைக்குப் பயம் வேகப்படுத்தும். இன்று மாலைக்குள் இத்தனை பெட்டி ஏற்ற வேண்டும் என்றால் ஏறிவிடும். உள்ளே உடைந்த பொருள் எத்தனை என்பது பெட்டி போய்ச் சேர்ந்த இடத்தில்தான் தெரியும்.

பயம் வேலையை எப்படிக் கெடுக்கிறது?

செய்தியின் வழியை அடைத்துத்தான். ஒரு பொருள் வந்து சேர ஒரு வாரம் தாமதமாகும் என்று புதன்கிழமை காலை ஓர் ஊழியருக்குத் தெரியவருகிறது என்று வைத்துக்கொள்வோம். மேலாளருக்குச் செய்தியைத் தட்டச்சு செய்கிறார். ‘சார், ஒரு சின்னப் பிரச்சினை’ என்று தொடங்கி, அழிக்கிறார். போன வாரம் இப்படிச் சொன்னவருக்கு என்ன நடந்தது என்பது நினைவுக்கு வருகிறது. சப்ளையரிடம் இன்னொரு தடவை பேசிப் பார்ப்போம் என்று விடுகிறார். வியாழக்கிழமை பேசுகிறார், பலனில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம், இனி மறைக்க முடியாது என்றானபோது சொல்கிறார். புதனன்றே தெரிந்திருந்தால் வேறு இடத்தில் வாங்கியிருக்கலாம், வாடிக்கையாளரிடம் தேதி மாற்றிக் கேட்டிருக்கலாம். இப்போது எதற்கும் வழியில்லை. “ஏன் முன்னாடியே சொல்லலை?” என்று மேலாளர் மேஜையைத் தட்டுகிறார். அந்தக் கேள்விக்கான பதில் அந்தத் தட்டல்தான். அதை அவரிடம் சொல்லத்தான் ஆளில்லை.

ஆய்வுகளும் இதைத்தான் காட்டுகின்றன. ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன், மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நல்ல குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துத்தான் ஆரம்பித்தார். கணக்கு தலைகீழாக வந்தது. நன்றாக இயங்கும் குழுக்களில்தான் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது காரணம் புரிந்தது. அந்தக் குழுக்களில் தவறை வெளியே சொன்னார்கள், பேசினார்கள், சரிசெய்தார்கள். பயந்த குழுக்களில் மறைத்தார்கள். இந்த ஆய்வு 1996-ல் வெளியானது. பேசினால் தலை போகாது என்ற நம்பிக்கையை ‘உளவியல் பாதுகாப்பு’ என்ற பெயரில் 1999-ல் விரிவாக எழுதினார். பிறகு கூகுள் தன் குழுக்களில் எது நன்றாக வேலை செய்கிறது, ஏன் என்று தேடியபோதும் முதலில் வந்து நின்றது இதே விஷயம்தான்.

இதிலிருந்து நிர்வாகிகள் ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு பிரிவிலிருந்து மாதக்கணக்கில் ஒரு தவறும், ஒரு குறையும், ஒரு மறுப்பும் வரவில்லை என்றால் அங்கே முதலில் விசாரியுங்கள்.

மேலாளர் மிரட்டவே இல்லை, ஆனாலும் கீழே இருப்பவர்கள் பேசப் பயப்படுகிறார்கள். அது யார் தப்பு?

பதவிக்கே ஒரு மிரட்டல் உண்டு. 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினின் தெனரீஃப் தீவு விமான நிலையத்தில் பனிமூட்டத்துக்கு நடுவே இரண்டு போயிங் 747 விமானங்கள் ஓடுபாதையில் மோதிக்கொண்டன. 583 பேர் இறந்தார்கள். புறப்பட அனுமதி கிடைக்காமலேயே ஓடத் தொடங்கிய, நெதர்லாந்தின் கே.எல்.எம். நிறுவன விமானத்தில், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகிவிட்டதா என்று விமானப் பொறியாளருக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவும் கேட்டார். விலகிவிட்டது என்று கேப்டன் அழுத்திச் சொன்னார். பேச்சு அத்தோடு நின்றுவிட்டது. அந்தக் கேப்டன் அந்த நிறுவனத்தின் மிக மூத்த பயிற்சி விமானி, மற்ற விமானிகளைச் சோதித்துச் சான்று கொடுப்பவர். கத்தும் ஆள் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் இரண்டாவது தடவை கேட்க வாய் வரவில்லை.

அதன் பிறகு விமானத் துறை தன்னையே மாற்றிக்கொண்டது. 1979-ல் நாசா நடத்திய ஒரு பயிலரங்கிலிருந்து, விமானக் குழுவினருக்கான புதிய பயிற்சி முறை பிறந்தது. இளையவர் சந்தேகத்தைத் தயங்காமல் சொல்லவும், மூத்தவர் அதைக் காதுகொடுத்துக் கேட்கவும் இரு தரப்புக்கும் சொல்லிக்கொடுக்கிறார்கள். பிறகு மருத்துவமனை அறுவை அரங்குகளும் அந்த முறையை எடுத்துக்கொண்டன. ஆக, கீழே இருப்பவர் பேசவில்லை என்றால் அதைச் சரிசெய்யும் பொறுப்பு மேலே இருப்பவருடையது. அவர் வெறுமனே மிரட்டாமல் இருந்தால் போதாது. பேச்சை அவரேதான் கேட்டு வாங்க வேண்டும்.

பெரிய நிறுவனங்களில் இதனால் உண்மையிலேயே நஷ்டம் வந்திருக்கிறதா?

நிறைய. 2007-ல் ஐபோன் வந்தபோது கைபேசிச் சந்தையில் முதலிடத்தில் இருந்தது நோக்கியா. சில ஆண்டுகளிலேயே அந்த இடம் போய், கைபேசித் தொழிலையே மைக்ரோசாஃப்டுக்கு விற்றுவிட்டது. அங்கே என்ன நடந்தது என்று 76 பேரைப் பேட்டி கண்டு இரண்டு ஆய்வாளர்கள் 2016-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மேல்மட்டத்தின் கோபத்துக்குப் பயந்து, தங்கள் மென்பொருள் எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்ற உண்மையை நடுமட்ட மேலாளர்கள் மேலே சொல்லவில்லை. முடியாத தேதிகளுக்குத் தலையாட்டினார்கள். மேலே இருந்தவர்கள் எல்லாம் நன்றாகப் போகிறது என்று நம்பி இன்னும் நெருக்கினார்கள். வீழ்ச்சிக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் நெருப்பு பற்றியது தெரிந்தவர்கள் உள்ளேயே இருந்தார்கள்.

அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் நடந்தது வேறு மாதிரி. அங்கே எட்டவே முடியாத விற்பனை டார்கெட்டுகளை வைத்து ஊழியர்களை நெருக்கினார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கான கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-ல் 18.5 கோடி டாலர் அபராதம் விழுந்தது. சுமார் 5,300 ஊழியர்கள் வேலையிழந்தார்கள். டார்கெட் வைத்தவர்கள் முதல் வரிசையில் போகவில்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத விஷயம்.

இவற்றையெல்லாம்விடக் கொடுமையானது பிரான்ஸ் டெலிகாம் என்ற தொலைபேசி நிறுவனத்தில் நடந்தது. 2006 முதல் 2008 வரை 22,000 பேரை வெளியேற்ற நிர்வாகம் முடிவெடுத்தது. பலர் அரசு ஊழியர் அந்தஸ்தில் இருந்ததால் நேரடியாக நீக்க முடியாது. ஆகவே அவர்களாகவே போகும்படி செய்தார்கள்: திரும்பத் திரும்ப இடமாற்றம், தகுதிக்குப் பொருந்தாத வேலை, ஓயாத நெருக்கடி. “கதவு வழியாகவோ ஜன்னல் வழியாகவோ” ஆட்களை வெளியேற்றுவேன் என்று தலைவரே 2006-ல் பேசியிருந்தார். 19 தற்கொலைகள் உட்பட 39 பேரின் பாதிப்பை நீதிமன்றம் விசாரித்தது. 2019 டிசம்பரில் முன்னாள் தலைவரும் உயரதிகாரிகளும் குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஒரு தனி மேலாளரின் கோபம் அங்கே பிரச்சினையே இல்லை. மிரட்டலே நிர்வாகத்தின் திட்டமாக இருந்தது.

திட்டு வாங்குவது ஒருவர்தான். மற்றவர்களுக்கு என்ன?

பக்கத்தில் நின்று பார்ப்பவரின் வேலையும் கெடுகிறது என்பதை கிறிஸ்டின் போரத், அமீர் எரெஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். மரியாதையில்லாத பேச்சைக் கேட்டவர்கள், வேறொருவர்மீது அது விழுவதைப் பார்த்தவர்கள், இரு தரப்பும் புதிர்களை விடுவிப்பதில் பின்தங்கினார்கள், அடுத்தவருக்கு உதவும் மனமும் குறைந்தது.

2015-ல் வெளியான ஓர் இஸ்ரேலிய ஆய்வு இன்னும் அதிர வைக்கும். குறைமாதக் குழந்தைகளைக் கவனிக்கும் டாக்டர், நர்ஸ் அடங்கிய 24 குழுக்களுக்கு ஒரு மாதிரிச் சிகிச்சைப் பயிற்சி. சில குழுக்களிடம் மட்டும், வெளிநாட்டு நிபுணர் ஒருவர் இஸ்ரேலின் மருத்துவத் தரத்தைப் பற்றி லேசாக மட்டம் தட்டிப் பேசினார். அவ்வளவுதான், கத்தல் எதுவும் இல்லை. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டுபிடிப்பதிலும் சிகிச்சை செய்வதிலும் தெளிவாகவே மோசமாகச் செயல்பட்டன. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்ததுதான் அதற்கு முக்கியக் காரணமாக இருந்தது.

உடம்புக்கு என்ன ஆகும்?

தொடர்ந்து பயத்தில் இருக்கும் உடல் ஆபத்துக்குத் தயாரான நிலையிலேயே இருக்கிறது. தூக்கம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும், வயிறு கெடும், தலைவலி விடாது. விடுமுறை முடிவதற்கு முந்தைய மாலையே நெஞ்சு கனக்க ஆரம்பிக்கும். வீட்டில் சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுவோம். ஏனென்று குழந்தைகளுக்குப் புரியாது. வேலையால் வரும் இந்தச் சோர்வை உலக சுகாதார அமைப்பும் 2019-ல் தன் நோய் வகைப்பாட்டில், வேலை சார்ந்த ஒரு நிலையாகச் சேர்த்திருக்கிறது. தூக்கம் வாரக்கணக்கில் போனாலும், வாழ்வே வேண்டாம் என்ற நினைப்பு ஒரே ஒரு முறை வந்தாலும், உடனே மருத்துவரிடம் போங்கள். வீட்டில் ஒருவரிடமாவது சொல்லுங்கள். எந்த வேலையும் அதைவிடப் பெரிதில்லை.

அவர்கள் ஏன் இப்படி இருக்கிறார்கள்?

பலர் பார்த்துப் படித்தது. தன் முதல் மேலாளர் அப்படி இருந்தார், அவர் மேலே போனார், ஆகவே மேலே போகும் வழி இதுதான் என்று மனதில் பதிந்துவிட்டது. சிலருக்கு வேலையே சரியாகத் தெரியாது. யாரும் கேள்வி கேட்காமல் இருக்கக் கோபம் ஒரு வேலி. சிலருக்கு மேலிருந்து வரும் நெருக்கடி அப்படியே கீழே வழிகிறது. மேலதிகாரியிடம் குழைந்து பேசும் அதே ஆள் அடுத்த நிமிடம் கீழே இருப்பவரிடம் உறுமுவதைப் பார்த்திருப்பீர்கள். அதனால் கோபத்தை அடக்கத் தெரியாதவர் என்ற சமாதானத்தை நான் ஏற்பதில்லை. யாரிடம் அடக்க வேண்டுமோ அவரிடம் நன்றாகவே அடக்குகிறார்.

நிர்வாகம் ஏன் கண்டுகொள்வதில்லை?

அவர் காட்டும் எண் மட்டும் மேலே தெரிகிறது. அவரால் போன ஆட்களின் கணக்கு வேறு பக்கத்தில் இருக்கிறது. புதிதாக ஆள் தேடுவது, பயிற்சி கொடுப்பது, புதியவர் வேலை பிடிபடும்வரை ஆகும் மாதங்கள் என்று எதுவும் அவர் பெயரில் எழுதப்படுவதில்லை. வேலையை விட்டவரும் ‘சொந்தக் காரணம்’ என்றுதான் எழுதிக் கொடுக்கிறார். அடுத்த வேலைக்கு இவர்களிடமிருந்து ரிலீவிங் லெட்டர் வேண்டுமே. ஒரே ஒரு மாற்றம் செய்ய முடியும் என்றால், ஒவ்வொரு மேலாளரின் கீழிருந்தும் எத்தனை பேர் போனார்கள், எத்தனை பேர் மாற்றல் கேட்டார்கள் என்பதை அவருடைய விற்பனை எண்ணுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள் என்பேன்.

என் மேலாளர் இப்படித்தான். நான் என்ன செய்யலாம்?

முதலில் எழுதி வையுங்கள். தேதி, நேரம், இடம், யார் யார் இருந்தார்கள், அவர் சொன்ன வார்த்தைகள் அப்படியே. ‘ரொம்ப மோசமாகப் பேசினார்’ என்று எழுதினால் பிறகு பயன்படாது. என்ன சொன்னார் என்பதுதான் வேண்டும். அன்றன்றே எழுதுங்கள், அலுவலகக் கணினியில் வேண்டாம். நிறுவனத்தின் ரகசிய ஆவணங்களை நகலெடுக்காதீர்கள், அது உங்கள் மேலேயே திரும்பும். குரலைப் பதிவு செய்ய நினைத்தால் உங்கள் நாட்டுச் சட்டம் அதை அனுமதிக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

வாய்மொழி உத்தரவு வந்தால் உடனே ஒரு சின்ன மின்னஞ்சல்: ‘இன்று காலை நீங்கள் சொன்னபடி முதலில் இந்த வேலையை முடிக்கிறேன், மற்றது திங்கட்கிழமைக்குப் போகிறது.’ பிறகு “நான் அப்படிச் சொல்லவே இல்லை” என்று வரும்போது இது காப்பாற்றும். நாலு பேர் முன்னால் கத்தும்போது பதிலுக்குக் கத்தாதீர்கள், விளக்கமும் கொடுக்காதீர்கள். “எந்த இடத்தைத் திருத்தணும்னு சொல்லுங்க சார், இன்னைக்கே செஞ்சுடறேன்” என்று அமைதியாகக் கேளுங்கள். சிலரிடம் இது நன்றாகவே வேலை செய்யும். சிலரிடம் எடுபடாது. ஆனால் பக்கத்தில் இருந்தவர்கள் பார்த்திருப்பார்கள்.

தனியாக இருக்காதீர்கள். திட்டு வாங்கியவரிடம் பிறகு போய், “நீங்க சொன்னது சரிதான், நானும் கேட்டேன்” என்று சொல்வது சின்ன விஷயமாகத் தெரியலாம். வாங்கியவருக்கு அன்று ராத்திரி தூக்கம் வருவது அதனால்தான்.

எச்.ஆர்.-இடம் போகலாமா?

போகலாம், எதிர்பார்ப்பைச் சரியாக வைத்துக்கொண்டு. எச்.ஆர். என்ற மனிதவளப் பிரிவு நிறுவனத்துக்காக வேலை செய்யும் பிரிவு. “அவர் கெட்டவர்” என்பது அங்கே எடுபடாது. “இந்த மூன்று தேதிகளில் இது நடந்தது, இவர்கள் இருந்தார்கள், இதனால் இந்த வேலை இத்தனை நாள் தாமதமானது” என்பது எடுபடும். எழுத்தில் கொடுங்கள், இரண்டு மூன்று பேர் சேர்ந்து கொடுத்தால் இன்னும் நல்லது. மாற்றலா, எச்சரிக்கையா, விசாரணையா, என்ன கேட்கிறீர்கள் என்றும் சொல்லுங்கள். புகாருக்குப் பின் திடீரென்று உங்கள் அப்ரைசல் சரிந்தால் அதையும் தேதியோடு எழுதி வையுங்கள்.

சட்டம் துணை வருமா?

நாட்டுக்கு நாடு வேறுபடும். வேலையிடத்தில் ஒருவரை வதைப்பதற்கு எதிராக ஸ்வீடன் 1993-லேயே தனி விதிமுறை கொண்டுவந்தது. பிரான்ஸ் 2002-ல் அதைக் குற்றமாக்கியது. ஜப்பானில் 2020 ஜூன் முதல் பெரிய நிறுவனங்களும், 2022 ஏப்ரல் முதல் சிறிய, நடுத்தர நிறுவனங்களும் இதைத் தடுக்க ஏற்பாடு செய்தாக வேண்டும். சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2019-ல், வேலையிட வன்முறைக்கும் துன்புறுத்தலுக்கும் எதிரான 190-ஆவது உடன்படிக்கையை நிறைவேற்றியது; 2021 ஜூன் 25 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. மனரீதியான தீங்கும், ஒரே ஒரு முறை நடந்த சம்பவமும்கூட அதன் வரையறைக்குள் வரும். உங்கள் நாடு அதை ஏற்றிருக்கிறதா, உள்நாட்டுச் சட்டம் என்ன என்பதைத் தொழிற்சங்கத்திடமோ தொழிலாளர் வழக்குரைஞரிடமோ கேளுங்கள்.

வேலையை விட்டுவிடலாமா?

கோபத்தில் விடாதீர்கள். அடுத்த வேலை கையில் வந்த பிறகு விடுவதுதான் நல்லது, உடல்நிலை அதற்குள் இடம் கொடுக்கும் என்றால். கொடுக்காது என்றால் விடுங்கள். ஓடிப்போகிறோம் என்ற குற்ற உணர்வு தேவையில்லை.

நானே மேலாளர். நான் மிரட்டுகிறேனா என்று எப்படித் தெரியும்?

கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள், அதனால் கவனியுங்கள். கடைசியாக எப்போது உங்கள் குழுவில் ஒருவர் “இல்லை, இது சரிவராது” என்று உங்கள் முகத்துக்கு நேரே சொன்னார்? பிரச்சினைகள் உங்களுக்கு முதலில் தெரிகின்றனவா, எல்லாருக்கும் தெரிந்த பிறகு தெரிகின்றனவா? நீங்கள் உள்ளே வந்ததும் பேச்சு நின்றுபோகிறதா?

அப்புறம், கெட்ட செய்தி வரும் முதல் சில நொடிகளைப் பாருங்கள். “ஏன் இப்பதான் சொல்றீங்க?” என்பது உங்கள் முதல் வாக்கியம் என்றால் அடுத்த செய்தி இன்னும் தாமதமாக வரும். “சொன்னது நல்லது. இப்ப கையில என்ன வழி இருக்கு?” என்று ஆரம்பித்துப் பாருங்கள். யார் செய்தது என்ற விசாரணை பிறகு இருக்கட்டும். தரக் கட்டுப்பாட்டுத் துறையின் முன்னோடியான எட்வர்ட்ஸ் டெமிங், நிர்வாகங்களுக்குச் சொன்ன 14 கொள்கைகளில் எட்டாவது, பயத்தை விரட்டுங்கள் என்பது. ஆலைகளில் புள்ளிவிவரத்தை நம்பி வேலை செய்தவர் அவர். பயந்தவர்கள் கொடுக்கும் எண்களை வைத்து எதையும் திருத்த முடியாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மீட்டிங்கில் உங்கள் கருத்தைக் கடைசியில் சொல்லுங்கள். முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதற்கே தலையாட்டுவார்கள்.

சரி, வேலையே செய்யாதவரை என்ன செய்வது?

கண்டியுங்கள், தனியாக, குறிப்பாக, எழுத்தில். என்ன குறை, எப்போதுக்குள் எவ்வளவு மாற வேண்டும், மாறாவிட்டால் என்ன ஆகும் என்று தெளிவாகச் சொல்லுங்கள். மாறவில்லை என்றால் விதிப்படி நடவடிக்கை எடுங்கள். வேலையை விட்டு அனுப்புவதைக்கூட ஒருவரை அவமானப்படுத்தாமல் செய்ய முடியும்.

மிரட்டும் மேலாளர் மாறுவாரா?

பார்த்துப் படித்தவர் மாறுவார். அவருக்கு மேலே இருப்பவர், ‘கொஞ்சம் பொறுமையாக இருங்கள்’ என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எந்த மீட்டிங்கில் எந்த வாக்கியம் கூடாது என்று எடுத்துக்காட்டிச் சொல்ல வேண்டும். பதவி உயர்வும் அதைப் பொறுத்தே என்று தெரியப்படுத்த வேண்டும். மிரட்டலால் லாபம் பார்ப்பவர், அந்த லாபம் நிற்கும்வரை மாற மாட்டார்.

மாறுகிறேன் என்பவரிடம் நான் ஒன்று கேட்பேன்: நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியவரிடம் அதே நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்பாரா? தனியாகக் கூப்பிட்டுக் கேட்டால் பாதிதான் தீரும். அன்று பார்த்துக்கொண்டிருந்த மற்றவர்களின் பயம் அப்படியே இருக்கும். கேட்டுவிட்டாலும் குழு உடனே நம்பாது. சின்னதாக ஒரு கெட்ட செய்தியைக் கொண்டுவந்து சோதித்துப் பார்ப்பார்கள், பிறகு கொஞ்சம் பெரியது. மாதக்கணக்கில் நடக்கும் அந்தச் சோதனையில் ஒரு தடவை பழையபடி கத்தினாலும் எல்லாம் முதலிலிருந்துதான்.